காளான் பொடி பாக்கெட்டில் போட்ட எண்ணும் போடாத எண்ணும்

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். சிப்பிக் காளான் பொடி. பையனுக்கு தினமும் காலையில் ராகிக் கஞ்சியில் ஒரு ஸ்பூன் கலந்து கொடுக்கிறாராம். "ஏன்டா தம்பி, இதுல ஆன்டிஆக்ஸிடன்ட் எண்பத்திரண்டு பர்சன்ட்னு போட்டிருக்கு. நெஜமாவே நல்லதா, இல்ல சும்மா போட்டிருக்கானா? நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே, பாத்துச் சொல்லு" என்றார்.

விற்றவரிடம் வாட்ஸப்பில் பரிசோதனை ரிப்போர்ட் கேட்டேன். ஒரு பக்கம் அனுப்பினார். புரதம், நார்ச்சத்து, மொத்த ஃபீனால், டிபிபிஎச் 82 சதவீதம். ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைக் கேட்டதற்கு, "இது இயற்கையா வளர்றது சார், மெட்டல் எல்லாம் இருக்காது" என்று பதில் வந்தது.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நான் வேதியியல் படித்தவன் இல்லை, பி.இ. முடித்து மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் கொஞ்சம் உட்கார்ந்து படித்ததில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்தச் செடியோ காளானோ சுத்தமானது என்பதற்கு அது சாட்சி ஆகாது. அவை இரண்டும் வேறு வேறு கேள்விகள், வேறு வேறு கருவிகள். குழந்தைக்குக் கொடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பாக்கெட்டில் போடாத அந்த இரண்டாவது எண்ணைத்தான்.

82 சதவீதம் என்றால் எதில் 82?

டிபிபிஎச் என்பது ஒரு ஊதா நிறப் பொடி. மெத்தனாலில் கரைத்தால் அடர் ஊதாவாக இருக்கும். அதன் மூலக்கூறில் ஒரு எலக்ட்ரான் ஜோடி சேராமல் தனியாக நிற்கிறது. இப்படிப்பட்ட மூலக்கூறுகள் பொதுவாக நொடிக்குள் எதனோடாவது போய் ஒட்டிக்கொள்ளும். டிபிபிஎச் அப்படி இல்லை, பாட்டிலில் மாதக்கணக்கில் அமைதியாக இருக்கும். அதனால்தான் பரிசோதனைக்கு வசதி. 1958-ல் பிளாய்ஸ் என்பவர் இதை வைத்து ஆன்டிஆக்ஸிடன்ட் அளக்கும் முறையை எழுதினார். இன்றைக்கும் நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் செய்யப்படுவது இதுதான்.

செய்முறை எளிது. காளான் சாற்றை ஊதாக் கரைசலில் விடுவார்கள், இருட்டில் அரை மணி நேரம் வைப்பார்கள். சாற்றில் உள்ள பொருட்கள் அந்தத் தனி எலக்ட்ரானுக்கு ஜோடி கொடுத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். 517 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று முன்னும் பின்னும் அளந்து, எத்தனை சதவீதம் நிறம் குறைந்தது என்று கணக்கிடுவார்கள்.

ஆக, 82 சதவீதம் என்றால் பொடியில் 82 சதவீதம் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஒரு கண்ணாடிக் குழாயில் இருந்த சாயத்தின் நிறம் 82 சதவீதம் குறைந்தது, அவ்வளவுதான். சாற்றை இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊற்றினால் 90 வரும், பாதியாக ஊற்றினால் 50 வரலாம். எவ்வளவு செறிவில் அளந்தார்கள் என்று சொல்லாமல் சதவீதம் மட்டும் போட்டால், எத்தனை மணி நேரம் என்று சொல்லாமல் "வண்டி 80 கிலோமீட்டர் ஓடியது" என்று சொல்வது மாதிரி. ஒழுங்கான ரிப்போர்ட்டில் ஐசி50 இருக்கும், அதாவது நிறத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்ற அளவு. அந்த எண் சிறிதாக இருந்தால்தான் சரக்கு வீரியமானது. பக்கத்திலேயே வைட்டமின் சி-யையும் அதே முறையில் அளந்து போட்டிருப்பார்கள்.

மொத்த ஃபீனாலுக்கும் இதே கதைதான். ஃபோலின் கரைசல் என்ற மஞ்சள் திரவம் ஃபீனால்களைச் சந்தித்தால் நீலமாகும். ஆனால் வைட்டமின் சி, சில சர்க்கரைகள், சில அமினோ அமிலங்கள் பட்டாலும் நீலமாகும். அதனால் வரும் எண் உண்மையான ஃபீனாலைவிடக் கூடுதலாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

இதெல்லாம் பொய் என்று சொல்லவில்லை. காளானில் எர்கோதயோனீன் என்று ஒரு பொருள் இருக்கிறது. 1909-ல் பிரான்சில் சார்ல்ஸ் தான்ரே கண்டுபிடித்தது. நம் உடலால் அதைத் தயாரிக்க முடியாது, உணவில் இருந்துதான் வர வேண்டும். காளான்தான் அதற்கு முக்கியமான வழி. அதை உள்ளே இழுத்துக்கொள்ள நம் செல்களில் தனியாக ஒரு கடத்திப் புரதமே இருக்கிறது என்று 2005-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுவாரசியமான விஷயம்தான். ஆனால் குழாயில் நிறம் மாறுவதும் உடம்பில் நோய் தடுப்பதும் ஒன்றல்ல. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்க வேளாண் துறையும் தன் இணையதளத்தில் வைத்திருந்த ஆன்டிஆக்ஸிடன்ட் அட்டவணையை 2012-ல் எடுத்துவிட்டது. அந்த எண்களை விளம்பரத்துக்குத் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

உலோகத்தை எப்படி எண்ணுகிறார்கள்?

இங்கே நிறம் மாறுவதை வைத்து ஊகிப்பது இல்லை, அணுக்களையே எண்ணுகிறார்கள்.

முதலில் மாதிரியைக் கழுவி, காயவைத்து, அரைத்து, நைட்ரிக் அமிலத்தில் போட்டு மூடிய பாத்திரத்தில் மைக்ரோவேவ் வெப்பத்தில் கரைப்பார்கள். காளான் என்ற உருவமே போய்விடும், தெளிந்த திரவம்தான் மிஞ்சும். அதற்குப் பிறகு இரண்டு வழிகள். ஒன்று அணு உறிஞ்சல் முறை, 1955-ல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் கொண்டுவந்தது. ஒவ்வொரு உலோகமும் தனக்கென்று ஒரு அலைநீளத்தை மட்டும் விழுங்கும். காட்மியத்துக்கு 228.8 நானோமீட்டர், ஈயத்துக்கு 283.3. எவ்வளவு ஒளி காணாமல் போனதோ அவ்வளவு உலோகம்.

இன்னொன்று ஐசிபி-எம்எஸ். திரவத்தை ஆர்கான் பிளாஸ்மாவில் தெளிப்பார்கள். சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான அந்த இடத்தில் எல்லாம் அயனிகளாக உடைந்துவிடும். பிறகு எடையை வைத்துப் பிரித்து எண்ணுவார்கள். கிலோவில் மைக்ரோகிராம் அளவு இருந்தாலும் பிடித்துவிடும்.

இதிலும் பொய் அலாரம் அடிக்கும். ஆர்செனிக்கின் நிறை 75. மாதிரியில் உப்பு இருந்தால் அதிலுள்ள குளோரின் 35-ம் பிளாஸ்மாவின் ஆர்கான் 40-ம் சேர்ந்து இன்னொரு 75-ஐ உண்டாக்கும். கருவி அதையும் ஆர்செனிக் என்றே எண்ணும். இதைத் தடுக்க நடுவில் ஹீலியம் வாயு அறை வைக்கிறார்கள். அரைக்கும் மிக்ஸியின் ஸ்டீல் பிளேடில் இருந்தே குரோமியமும் நிக்கலும் மாதிரியில் கலந்துவிடலாம்.

அதனால் நல்ல ஆய்வகம் இரண்டு காரியங்களைக் கட்டாயம் செய்யும். மாதிரியே போடாமல் வெறும் அமிலத்தை மட்டும் அதே வழியில் ஓட்டிப் பார்க்கும். பிளாங்க் என்பார்கள். ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு சான்று மாதிரியையும் கூடவே ஓட்டி, சரியான விடை வருகிறதா என்று பார்க்கும். நம் வேலையில் விடை தெரிந்த டெஸ்ட் கேஸை முதலில் ஓட்டுவோமே, அதேதான்.

காளானுக்கு வடிகட்டி இல்லை

செடிக்கு வேரின் உட்புறத்தில் ஒரு மெழுகுப் பட்டை இருக்கிறது. மண்ணில் இருந்து வருவது எல்லாம் அப்படியே மேலே ஏறிவிடாது. ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். கீரை இலையில் ஈயம் இருந்தால் அதில் கணிசமான பங்கு வெளியே படிந்த தூசி, மண். நன்றாகக் கழுவினால் குறையும். காட்மியம் அப்படி இல்லை, செடிக்குள் எளிதாக ஏறி இலைக்கே வந்துவிடும். மண்ணில் அமிலத்தன்மை கூடினால் இன்னும் அதிகமாக ஏறும். இதைக் கழுவி எடுக்க முடியாது.

காளான் வேறு மாதிரி. அது தன் இழைகளால் வைக்கோலையோ மண்ணையோ வெளியிலேயே கரைத்து உறிஞ்சுகிறது. செடியின் வேரில் இருப்பது போன்ற தடுப்பு இழைகளில் கிடையாது. மாட்டுக்கொண்ட உலோகத்தைக் கந்தகம் உள்ள சின்னப் புரதங்களால் கட்டி வைத்துக்கொள்ளும். சில காட்டுக் காளான்கள் காட்மியத்தைத் தாம் நிற்கும் மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு சேர்த்துவைக்கும். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் காட்டுக் காளான்களில் சீசியம்-137 பல ஆண்டுகள் அளக்கப்பட்டு வந்ததும் இந்தக் குணத்தால்தான்.

வளர்ப்புக் காளானுக்கு இதில் ஒரு நல்ல சேதி உண்டு. அது எதைத் தின்கிறது என்பது நம் கையில் இருக்கிறது. சிப்பிக் காளானுக்கு வைக்கோலும் தண்ணீரும் போதும். பால் காளானுக்குப் படுக்கையின் மேல் மண் போர்வையும் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏ.பி.கே.2 ரகம் நம் வெயிலைத் தாங்குவதால் இன்று பல ஊர்களில் வளர்க்கிறார்கள். வைக்கோல் எந்த வயலில் இருந்து, தண்ணீர் எந்த போரில் இருந்து, மேல்மண் எங்கே இருந்து என்ற இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி. "இயற்கையா வளர்றது" என்ற பதிலில் இந்த மூன்றுமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலோகம் ஏறினால் செடிக்கு அது ஒரு தாக்குதல். அதைச் சமாளிக்க குளுட்டாத்தியோன், ஃபீனால்கள் போன்றவற்றைக் கூடுதலாகத் தயாரிக்கும். மிதமான காட்மிய அழுத்தத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் எண் ஏறுவதைப் பல செடிகளில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு எண்களும் சில நேரம் சேர்ந்தே ஏறலாம். பெரிய 82-ஐப் பார்த்துவிட்டு "அப்போ சுத்தமா இருக்கும்" என்று முடிவெடுப்பது எவ்வளவு தப்பு என்று இதில் இருந்து தெரியும்.

கொடைக்கானலில் கல்பாசி இனம் சொன்ன சாட்சி

தமிழ்நாட்டில் இந்த அளவீடு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்குக் கொடைக்கானலே உதாரணம். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடப்பட்ட பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் இயந்திரங்கள் 1980-களில் இங்கே வந்தன. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததைப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீஸும் வெளியே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது.

பாதரசம் காற்றில் எவ்வளவு தூரம் போனது என்பது அடுத்த கேள்வி. காற்றை அன்றைக்கு அளந்தால் அன்றைய அளவுதான் தெரியும், போன வருடக் காற்றை இன்று பிடிக்க முடியாது. ஹைதராபாத்தில் அணுசக்தித் துறையின் கீழ் உள்ள ஆய்வு மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணா, கருணாசாகர், அருணாசலம் ஆகியோர் பாசிகளையும் லைக்கன்களையும் சேகரித்து அளந்தார்கள். ஆய்வு 2003-ல் வெளியானது.

லைக்கன் என்றதும் அந்நியமாக நினைக்க வேண்டாம். பிரியாணிக்குப் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் உயிர். அதற்கு வேரே கிடையாது. மழையிலும் காற்றிலும் வருவதைத்தான் பிடித்துக்கொள்ளும், பிடித்ததை எளிதில் விடாது, மெதுவாக வளரும். அதாவது காற்றின் பல வருட லாக் ஃபைல் மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொழிற்சாலையில் இருந்து பாதரசம் காற்றுவழியே பரவியிருந்ததை அந்த லாக் ஃபைல் காட்டிக்கொடுத்தது. 2003-லேயே சுமார் 290 டன் பாதரசக் கழிவுக் கண்ணாடி கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-ல்தான் வந்தது.

அந்தப் பாசி பச்சையாக, மலைக்காட்டில், "இயற்கையாக" வளர்ந்ததுதான். அதில் பாதரசம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது. அளந்ததால்தான் தெரிந்தது.

நம்ம பக்கம்

ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை வெள்ளை நுரையோடு வருவதை டிவியில் எல்லோரும் பார்த்திருப்போம். பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக இந்த ஆற்றில்தான் சேர்கிறது. நுரையைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் நுரைக்குப் பெரும்பாலும் காரணம் சோப்பு, டிடர்ஜென்ட் வகையறா. காட்மியமும் ஈயமும் நுரைக்காது, நாறாது, நிறமும் காட்டாது. நுரை இல்லாத நாளிலும் இருக்கலாம், நுரை பொங்கும் நாளில் குறைவாகவும் இருக்கலாம். அதனால் "நுரைத் தண்ணிக் கீரை, தொடாதே" என்று சொல்வதும், "எங்க கல்லாவிப் பக்கம் நுரை வராது, கவலை இல்லை" என்று சொல்வதும் ஒரே தப்புதான். இரண்டுமே அளக்காமல் சொல்வது.

இப்போது அக்காவின் ஸ்பூனுக்கு வருவோம்

சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், கீரைகளில் ஈயத்துக்கு வைத்த உச்சவரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.2. வளர்ப்புச் சிப்பிக் காளானில் ஈயத்துக்கும் 0.3. இவை எல்லாம் பச்சைக் காய்கறியின் எடைக்குச் சொன்னவை. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பத்து கிலோ காளானைக் காயவைத்தால் ஒரு கிலோ பொடிதான் வரும். தண்ணீர் போய்விடும், உலோகம் அப்படியே இருக்கும். அதனால் பொடியின் எண்ணைப் பச்சைக் காளானின் வரம்போடு நேராக ஒப்பிடக் கூடாது.

ஒரு கணக்குக்காக, பொடியில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் ஈயம் என்று வைத்துக்கொள்வோம். இது நான் அளந்த எண் இல்லை, வெறும் உதாரணம். பச்சை எடைக்கு மாற்றினால் 0.2. வரம்புக்குள்தான் இருக்கிறது, காளான் பாஸ்.

இனி ஸ்பூனைப் பார்ப்போம். ஒரு ஸ்பூன் 5 கிராம். அதில் ஈயம் 10 மைக்ரோகிராம். ஈயத்துக்கு முன்பு ஒரு வாராந்திரத் தாங்கும் அளவு இருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்காத அளவு என்று எதையும் சொல்ல முடியவில்லை என்பதால், ஐ.நா. நிபுணர் குழு 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அமெரிக்க எஃப்டிஏ குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு ஒப்பீட்டு அளவாக வைத்திருப்பது 2.2 மைக்ரோகிராம். இந்த உதாரணப்படி, "பாஸ்" ஆன காளானின் ஒரே ஸ்பூன் அதைப் போல நாலரை மடங்கு.

காட்மியத்துக்கு அதே நிபுணர் குழுவின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம், 15 கிலோ குழந்தைக்கு 12.5 மட்டும்தான். சோற்றிலும் கீரையிலும் வருவது இதே கணக்கில்தான் சேரும்.

வாரம் ஒருமுறை காளான் குழம்பு வைத்துச் சாப்பிடுவது வேறு. ஒரே பொருளைக் காயவைத்துச் செறிவாக்கி, தினமும், சின்ன உடம்புக்குக் கொடுப்பது வேறு.

என்ன கேட்கலாம்?

விற்பவரிடம் ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் நான்குக்கும் ரிப்போர்ட் கேளுங்கள். அளவு உலர் எடைக்கா, பச்சை எடைக்கா என்று பாருங்கள். "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால், எந்த அளவு வரை கருவியால் கண்டறிய முடியும் என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத கருவி, உதாரணப் பொடியின் 2-ஐயும் "இல்லை" என்றே சொல்லும். ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, அந்த அங்கீகாரப் பட்டியலில் இந்தப் பரிசோதனை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விற்பவர் தரவில்லை என்றால் நாமே செய்யலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-ன்படி, பொருளை வாங்கியவர் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கக் கேட்க உரிமை உண்டு. நமக்குப் பக்கத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் சேலத்தில் இருக்கிறது.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ இதுல விஷம் இருக்குங்கிறியா?" என்றார். இல்லை, இருக்கிறதா இல்லையா என்று யாருமே பார்க்கவில்லை என்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போதைக்குக் கஞ்சியில் பொடி இல்லை. காளான் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை பச்சையாக வாங்கிக் குழம்பு வைக்கிறார். பிரிக்காத இன்னொரு பாக்கெட்டை என்னிடம் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் சேலம் போகிற வேலை இருக்கிறது.